இன்னும் நூறடி

தொப்புளுக்குக் கீழே
ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார் கோயமுத்தூர் டாக்டர்:
"தெரியுதுங்களா?"
நான் விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராய்ப்பூர் பக்கம்
ரிக் வண்டி மேலிருந்து விழுந்து பதினாலு மாசம்.
திருச்செங்கோட்டு வீட்டில்
மூத்திரப் பையை அளந்து
காலண்டரில் எழுதுகிறாள் சம்பூரணம்.

"ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கு,
உறுதி சொல்ல மாட்டேனுங்க" என்றார் டாக்டர்.
நேற்று போனில் பேசியவன் உறுதியாகச் சொன்னான்.
மூணு ஊசி, ஒன்பது லட்சம்.
"முதல் ஊசிக்குத் தெரியலைன்னா
ரெண்டாவதுக்குக் கண்டிப்பா அசையும் சார்."

அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
எண்ணூறு அடியில் வெறும் புழுதி கிளம்ப,
தோட்டத்துக்காரர் சம்சாரம்
கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்க,
"இன்னும் நூறடி போட்டா
ஈரம் தட்டுமுங்க" என்று
எத்தனை காட்டில் சொல்லியிருப்பேன்.
அடிக்கு இவ்வளவென்று
எண்ணி வாங்கியும் இருக்கிறேன்.

ஒன்றிரண்டு காட்டில்
நிசமாகவே தண்ணி பீச்சியது.
அதுதான் வினை.

சம்பூரணம்
கழுத்தில் கை வைத்தபடி
கட்டிலோரம் நிற்கிறாள்.
என் வலதுகால் கட்டைவிரலில்
ஒரு ஈ வந்து உட்காருகிறது.
"ஓட்டாதே" என்றேன்.
ரெண்டு பேரும்
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.