ரசீது

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்குப் பின்னால்
ஓர் அச்சகத்தின் மேல்மாடி.
பதினோராம் அத்தியாயத்தில், ஒரே சொல்லில்
மூன்று நாளாய் நிற்கிறேன்.

மஹ்லகா,
உன் ரஷ்ட் நகரத்தில் மழை ஓயாது என்பாய்.
தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிய உன் தகப்பன்
வீட்டில் மட்டும் சிலோன் தேயிலைதான் குடிப்பாராம்.
அந்தத் தகரப்பேணியின் சிங்கத்தைப் பார்த்துத்தான்
முதன்முதலாய்க் கதை கட்டினேன் என்றாய்.
நான் சிரிக்கவில்லை.
அந்தச் சிங்கத்தை எனக்கு வேறு இடங்களில் தெரியும்.

காஸல் அகதி விடுதி, இரண்டாம் மாடிச் சமையலறை,
நாலு அடுப்பில் ஒன்றுதான் எரியும்.
நீ கத்தரிக்காய் சுட்டாய். நானும் கத்தரிக்காய்தான்.
எங்கள் இருவருக்கும் நூறு ஜெர்மன் சொல் தெரியும்,
அதில் அறுபது கந்தோர்ச் சொல்.
நீ யார் என்று கீழ்மாடிப் பெடியன்தான் சொன்னான்:
அவனுடைய தாய் உன் புத்தகத்தை
மாப்பேணிக்குள் ஒளித்து வைத்திருந்தவளாம்.

முதல் நாவல் இருபத்தாறு வயதில்.
ஆயிரத்தைந்நூறு படிகள்; விற்காத முந்நூறை அடுக்கி
அதன்மேல் உன் தம்பி படுத்தெழும்பினான்.
இரண்டாவதை நாற்பத்திமூன்று இடத்தில் வெட்டினார்கள்.
'தோள்' என்ற சொல் மட்டும் ஏழு தரம்.
பெண் எழுதினால் தோளும் ஆபாசமாம்.
நீ தோளை எடுத்துவிட்டுச் சால்வை என்று போட்டாய்.
விட்டுவிட்டார்கள்.
அன்றிலிருந்து உன் மனிதர்
சால்வையில் சாய்ந்து அழுதார்கள்,
சால்வையில் பிள்ளை சுமந்தார்கள்,
ஒருவனுக்குச் சால்வையில் குண்டு பட்டது.
வாசகருக்கு விளங்கியது.
வெட்டுவார் இல்லாத நாட்டுக்கு வந்தும்
அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை.

மூன்றாவது அச்சுக்கே போகவில்லை.
பதினாலு வருசம் நீ எழுதியதெல்லாம்
சலவை இயந்திரக் கையேடுகள்.
"துணிகளைத் திணிக்காதீர்கள். நீர் நடமாட இடம் விடுங்கள்."
அதையும் வெட்டிவைத்த வாசகர் இருந்தார்களாம்.

நாலாவது, சவர்க்காரத்தூள் பெட்டிகளின் உட்பக்கத்தில்.
இதை நான் உடனே நம்பினேன்.
கடதாசிக்குத் தடையிருந்த காலம் எங்கள் பேப்பர்
பள்ளிக் கொப்பித் தாளில் வந்தது.
மரண அறிவித்தல்கள்
பிள்ளைகள் எழுதவேண்டிய கோடுகளின்மேல்.

உன் மொழியை நான் படிக்கவில்லை,
சண்டை பிடித்தே பிடித்தேன்.
உன் திட்டு விளங்கிய அன்று
நாவலும் விளங்கத் தொடங்கியது.

பதினோராம் அத்தியாயம் இப்படி முடிகிறது:
சிறைவாசலில் ஒரு தாய். யன்னலுக்குள் ஒரு எழுதுவினைஞன்.
அவன் பதிவேட்டில் விரலை ஓட்டி, நிமிராமல் சொல்கிறான்:
ரசீத்.
அவ்வளவுதான். பக்கம் முடிந்தது.

வந்தான். வந்தாள். வந்தது.
மூன்றும் அதற்குள் இருக்கின்றன.
உன் மொழி ஆள் யாரென்று கேளாமல் வினையை முடிக்கிறது.
என் மொழி விடாது.
இங்கே மூச்சு நின்றதும் மனிதன் அஃறிணை.
நான் 'வந்தான்' என்றால் அவள் மகனுக்கு உயிர்.
'வந்தது' என்றால் நான் கொன்றவன்.
உன்னைக் கேட்கலாமென்றால்
நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது.

தயாபரி, பக்கம் அமைப்பவள்,
கணினியிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:
"அண்ணை, வந்தானோ வந்ததோ?
சொன்னாத்தான் பக்கத்தை மூடலாம்."
பாரசீகத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன்.
கை நின்றது.
கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்ரிக் உறையிட்ட ஒரு துண்டு,
தமையனைக் காணவில்லையென்று ஆணைக்குழுவில் கொடுத்த
பிராதுக்கு அவர்கள் தந்தது:
இலக்கம், திகதி, கோணலாய் ஒரு முத்திரை.

"இதையும் நாங்கள் ரசீது எண்டுதானே சொல்லுறம்.
அப்பிடியே விடுங்கோ. எங்கட சனத்துக்கு விளங்கும்."

அடிக்குறிப்புப் போடட்டா என்றேன்.
வேண்டாம் என்றாள்.
ஒரு துணை எழுத்தைத் தட்டிச் சேர்த்து
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மூடினாள்.

பிறகு, திரையைப் பார்த்தபடி:
"ஏழாம் அத்தியாயத்தில சால்வையில குண்டு பட்டதெண்டு வருது,
அது தோள்தானே?"

நான் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.