அரை சதவீதத்துக்குக் கீழே

காட்டுப்பள்ளிக்குப் போகிற சாலையில்
கடலைக் குடிநீராக்கும் ஆலை.
நடந்ததையெல்லாம் வைத்திருப்பது என் வேலை.
பதினோராயிரத்து நானூறு டேக்.
அழுத்தம், உப்பு, ஓட்டம், வால்வு திறந்த அளவு,
யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தொட்டியின் மட்டம்.
நொடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும்
தன் எண்ணைச் சொல்லும்.
எல்லாவற்றையும் எழுத இடமில்லை.

இடமில்லை என்றால்,
புது டிஸ்க்குக்கு ஒப்புதல் வாங்க
ஏழு கையெழுத்து, ஒரு மழைக்காலம்.
ஆகவே 2016-ல், ஒரு வியாழக்கிழமை,
டீ ஆறுவதற்குள் ஒரு கட்டத்தில் தட்டினேன்:
0.5.
அரை சதவீதத்துக்கு மேல் அசைந்தால் மட்டும் எழுது.
இல்லாவிட்டால்
எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம்
இருக்கிறேன் என்று ஓர் எண் போடு, போதும்.

டேட்டாபேஸ் சொன்னபடி கேட்டது.
அது எப்போதும் கேட்கும்.

மூன்றாம் பம்பின் பேரிங் அந்த மார்ச்சில்
பதினொரு இரவு நடுங்கியது.
2.31, 2.38, 2.29, 2.36
அடைத்துப் போட்ட ஆள்
சுவரைத் தொடுமுன் திரும்பித் திரும்பி நடப்பதுபோல்
என் வரம்புக்குள்ளேயே.

தேசப்பனுக்குக் கேட்டது.
எண்ணூர்க் குப்பம், இரவு ஷிப்ட்.
என்ஜின் சத்தத்தை வைத்தே
படகில் எவ்வளவு டீசல் மிச்சம் என்று சொல்கிற வீட்டுப் பிள்ளை.
பம்பின் உறையில் புறங்கையை வைத்துவிட்டு வந்து
ஷிப்ட் நோட்டில் நீலப் பேனாவால் எழுதினார்:
'மூணு ஒரு மாதிரியா முனகுது. பாக்கவும்.'
மறுநாளும் அதே.
அதற்கடுத்த நாள், 'மேற்படி.'
பார்க்க வேண்டியவர்கள்
திரையில் டிரெண்டைப் பார்த்தார்கள்.
நேர்கோடு. பச்சை.

பன்னிரண்டாம் இரவு 3.40-க்கு ஷாப்ட் முறிந்தது.
யாருக்கும் அடியில்லை.
மாதவரம் வரைக்கும் இரண்டு நாள் லாரித் தண்ணீர்.

கிண்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
கலர் பிரிண்ட் கேட்டார்கள்.
'பதிவுல ஒண்ணும் இல்லையே' என்றார் ஒருவர்.
'நோட்டுல இருக்கே?'
'அப்புறமா எழுதியிருக்கலாம்.'
தேசப்பன் கதவோரம் நின்று
ஹெல்மெட் வாரை இறுக்கினார், தளர்த்தினார், இறுக்கினார்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
யாரும் அளந்த கோடு இல்லை அது.
ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே
தெரியாத இடத்தில்
திரை தானாக இழுத்தது.
கோட்டை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி கொடுத்தேன்.
வெள்ளைத் தாளில் மூன்று புள்ளிகள்:
இரவு பத்து. 3.39. 3.40.
'பிரிண்டர்ல இங்க் தீர்ந்துடுச்சாம்மா?'
'இல்ல சார். நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.'

புள்ளி வைத்தால் மெய் என்று
ஒன்றாம் வகுப்பில் படித்தோம்.
உயிர் வேறு எழுத்து.

0.5 போட்டது யார் என்று கேட்டார்கள்.
அதற்கும் ஒரு டேபிள் உண்டு:
மாற்றியவர், தேதி, பழைய மதிப்பு, புதிய மதிப்பு.
என் பெயரை நானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.
மெமோ இரண்டு வந்தது. ஒன்று எனக்கு.
இன்னொன்று, அப்படியும், தேசப்பனுக்கு.
'எழுதினா பத்தாதாம், போன் பண்ணியிருக்கணுமாம்'
சிரித்தபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது மூன்றாம் பம்புக்கு வரம்பு பூஜ்யம்.
மற்றவை அப்படியே. இடமில்லை.
எல்லாம் வந்து விழுகிறது அதில்:
உறிஞ்சு குழாயைப் பாசி அடைத்த மதியம்,
கேட்டில் கன்டெய்னர் லாரி திரும்புகிற அதிர்வு,
பேரே தெரியாத சின்னச் சின்ன நடுக்கம்.
நேற்று இரவு 2.10-க்கு
வீட்டு லேப்டாப்பில் கோடு சிலிர்த்தது.
நான்கு நிமிடம். பொறுக்காமல் போன் போட்டேன்.
பின்னால் பம்புகளின் இரைச்சல்.
'அது ரயிலும்மா. அத்திப்பட்டுக்கு நிலக்கரி போவுது.
பம்பு நல்லாத்தான் இருக்கு. தூங்குங்க.'

தூங்குமுன்
இருநூற்று நாற்பது புள்ளிகளையும் தேர்ந்து
குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்:
ரயில். சொன்னவர் தேசப்பன்.