குறிப்புகள் என்ற கட்டம்

காலை ஒன்பது மணி. புல் இன்னும் நனைந்தே இருக்கிறது.
மேப்பிள் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும்
அவசரப்பட்டுச் சிவந்துவிட்டது.
மற்றவை பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சையாகவே நிற்கின்றன.
அயோவாவில் செப்டம்பர் இப்படித்தான்,
உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால்.

என் வேலை எழுதுவது.
அட்டையில் செருகிய தாள், நூலில் கட்டிய பென்சில்.
பிடிப்பது, விளக்குவது, அதட்டுவது எல்லாம் மார்லிஸ்,
பூங்காவின் முத்திரை குத்திய தொப்பிக்காரி.
"இந்த மோனார்க் மெக்சிகோவுக்குப் போகிறது" என்பாள்.
"விமானத்திலா?" என்பான் ஒரு பையன்.
வருஷா வருஷம் வேறு பையன், அதே கேள்வி.

பதினொரு வலைகள், இருபத்துமூன்று குழந்தைகள்.
கணக்கு அங்கேயே உதைத்தது.
செனாடாவின் இரட்டைப் பையன்கள்
ஒரே வலைக்குள் ஒருவனை ஒருவன் பிடித்துக்கொண்டார்கள்.
அவள் அதட்டவில்லை.
ஈரப் பலகைமேல் துண்டை விரித்து
போஸ்னியாக்காரர்கள் சுடும் கீரைச் சுருள் ரொட்டியைப்
பெயர் தெரியாதவர்களுக்கெல்லாம் பிட்டுக் கொடுத்தாள்.
தாளின் ஓரத்தில் அந்த எண்ணெய்க் கறை
இப்போதும் இருக்கிறது.

ஓடைக்கரை முழுக்க மில்க்வீட்,
எருக்கின் பங்காளி.
கிள்ளினால் பால், வெடித்தால் பஞ்சு.
ஏட்டி ஹவ்லிக், ஆறு வயது, வலையே வேண்டாமென்று
காய் காயாகப் பிளந்து ஊதிக்கொண்டிருந்தாள்.
அவள் அப்பா ரொலன்டின் தாடியில்
பாதி ஓடைக்கரை ஒட்டியிருந்தது.
இடுப்பில் சின்னவள் பெர்னி, இரண்டு வயது,
கையில் கடித்த ஆப்பிள்.

முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று கிடைத்தன.
பின் இறக்கையில் கரும்புள்ளி என்றால் ஆண்.
இல்லையென்றால் பெண்.
சாந்துப்பொட்டைவிடச் சிறிய ஒட்டுவில்லை,
அதில் எறும்பெழுத்தில் ஓர் எண்.
ஊசியில் நூல் கோப்பவள்போல
மூச்சை அடக்கி ஒட்டுவாள் மார்லிஸ்.
அதுவரை கத்திய கூட்டமும் அப்போது மூச்சு விடாது.
பிறகு விரலைத் திறப்பாள்.

நான்காவதை ரொலன்ட் பிடித்தான்,
பிள்ளையை இறக்கி விடாமல், ஒற்றைக் கையால்.
மார்லிஸ் வில்லையை உரித்தாள்.
பூச்சி நழுவியது.
எல்லோரும் அண்ணாந்தோம்.
குனிந்து பார்த்தபோது
அவள் விரலில் வில்லை இல்லை.

நானூற்றுப் பதினேழு.
எண் வீணாகக் கூடாது.
இரட்டையர், செனாடா, ஓய்வுபெற்ற ஒரு பல் மருத்துவர்,
விமானத்தைக் கேட்ட பையன்
எல்லோரும் புல்லில் தவழ்ந்தோம்.
வெட்டுக்கிளி கிடைத்தது. ஒரு பித்தான் கிடைத்தது.
யாருடையதோ பால் பல் கிடைத்தது,
பல் மருத்துவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெர்னி கையில இருக்கு" என்றாள் ஏட்டி,
ஊதுவதை நிறுத்தாமலே.

முழங்கைக்குமேல், மடிப்பு விழும் இடத்தில்,
கச்சிதமாக.
உரிக்கப் போனால் வீறிட்டாள்.

படிவம் காலியாக இருக்கக் கூடாது. எழுதினேன்:
எண் 417. பெண்.
உடல்நிலை நன்று, இடது முட்டியில் சிராய்ப்பு.
கடைசியாக உண்டது ஆப்பிள்.
"எந்தத் திசையில் போகிறாள்?" என்று கேட்டேன்,
விளையாட்டுக்குத்தான்.
ரொலன்ட் மணி பார்த்தான்.
"வடகிழக்கு. ஆறு மணிக்குள் அவங்க அம்மாவிடம் விடணும்."

விடுவித்த இடம்: கார் நிறுத்துமிடம், பின்சீட்டு.
பின்கண்ணாடியில் பஞ்சு ஒட்டிய அந்த நீலக் கார்
சரளைக்கற்கள் நொறுங்க மெதுவாகத் திரும்பியது.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை,
மீண்டும் காணப்படலாம் என்று சேர்த்தேன்.

மார்லிஸ் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.
இல்லை, படித்தாள்.
பென்சிலை என்னிடமிருந்து வாங்கி,
சிராய்ப்புக்குமுன் 'சிறிய' என்று
ஒரு சொல் நுழைத்தாள்.