ஆறாவது முறை

விடியும் முன்பே
சஸூன் டாக்கில் இறால் உரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.
கிலோ கணக்கில் கூலி.
ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால்
யெல்லவ்வா எனக்கொரு சாக்கு ஓடு கட்டித் தந்தாள்.
இதை வைத்து என்ன சமைப்பாய் என்றாள், இந்தியில்.
கிரியாவூக்கிக்கு இந்தியில் என்னவென்று தெரியவில்லை.
மருந்து மாதிரி, என்றேன்.

பெண்கள் பெட்டி என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.
மீன்கூடைக்காரிகளோடு சரக்குப் பெட்டியில் நின்று
மாட்டுங்கா வந்து சேர்ந்தேன்.

நீர்த்த அமிலத்தில் போட்டதும்
ஓட்டிலிருந்த சுண்ணாம்பு
சோடா பாட்டில் திறந்தாற்போல் பொங்கியது.
பிறகு காரம். பிறகு அதைவிடக் கடுங்காரம்.
நாலாம் நாள் மிஞ்சியது
ரவை போல் கொஞ்சம் கைட்டோசான்.
அதன்மேல் குளோரோசல்ஃபோனிக் அமிலத்தைச்
சொட்டுச் சொட்டாய் விட்டபோது
கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் புகை சீற,
நிலோஃபர் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலில்
வடை சுட்டுச் சுட்டுக் கறுத்த எண்ணெய்.
மெத்தனால். அறுபத்தைந்து டிகிரி. இந்தத் தூள் ஒரு சிட்டிகை.

கந்தக அமிலமாக இருந்தால்
கலந்த இடத்திலேயே கரைந்துபோகும்.
அதை அடக்க ஒரு காரம், கழுவ வாளி வாளியாய்த் தண்ணீர்,
அந்தத் தண்ணீர் கடைசியில் மித்தி ஆற்றுக்கு.
இது கரையாது.
வேலை முடிந்ததும் வடிதாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
கழுவி உலர்த்தினால்
நாளைக்கும் அதே வேலைக்கு வரும்.

முதல் முறை தொண்ணூற்று நாலு சதம்.
அப்புறம் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றொன்று,
மறுபடி தொண்ணூற்றொன்று (அன்று இனிப்பு வாங்கினோம்),
ஐந்தாவது எண்பத்தெட்டு.

"ஐந்தோடு நிறுத்து," என்றார் தேவ்தத்.
"எல்லாரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.
அட்டவணை பார்க்க நன்றாயிருக்கும்."

இரவு வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஆறாவது முறை ஓட்டினேன்.
அறுபத்தொன்று.

கழுவிய நீரில் லிட்மஸ் தாளை நனைத்தேன்.
சிவந்தது.
ஒட்டிக்கொண்டிருந்தது எல்லாம்
ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கொஞ்சமாய்
கழன்றுகொண்டிருந்திருக்கிறது.
நாங்கள் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாவது வரியை எழுதினேன்.
தேவ்தத் ஒன்றும் சொல்லவில்லை,
பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இன்னொரு சாக்கு வேண்டியிருந்தது.
ஓடு அள்ளும்போது யெல்லவ்வாவிடம் சும்மா கேட்டேன்,
ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ உரிப்பாய் என்று.

காலையிலா,
மத்தியானத்துக்கு மேலா,
என்று கேட்டாள்.