முள் நிற்கட்டும்

விற்ற பையன் ஒன்றே ஒன்று சொன்னான்:
"மூணாவது கம்பிய மட்டும் பாத்துக்குங்கண்ணே, துரு புடிக்கும்."
குன்னூரில் சர்ச் பாண்டு கலைந்து
ஆளுக்கொரு கம்பெனி வேலைக்குப் பிரிந்தபோது
நாலாயிரத்து இருநூறுக்கு என் கைக்கு வந்தன
இந்தக் கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டாரும்
செங்கல் அளவில் ஓர் ஆம்ப்பும்.

கட்டபெட்டுப் பனியில் துருப்பிடிக்காதது எது.

ஏழாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டு.
மீட்டிய சூட்டோடு கம்பியை மேலே தள்ளு.
ஒலி ஏறி
ஒன்பதாம் ஃப்ரெட்டின் ஒலியைத் தொட வேண்டும்.
விரல் அங்கே போகக் கூடாது.
ஒலி மட்டும் போய்வர வேண்டும்.

கேட்க எளிது.
ஜனவரி இரவில் விரல் நுனிகள் யாருடையவோ.
கம்பி தோலை அறுக்கிறது.
பக்கத்துக் கம்பி நகத்தடியில் சிக்கிக் கனைக்கிறது.
மோதிர விரலுக்குப் பின்னால் நடுவிரலை முட்டுக்கொடுத்தேன்.
பூட்டில் சாவி திருகுவதுபோல்
மணிக்கட்டைத் திருப்பினேன்.
ஏறியது.
ஏறி, சேரவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே
மூச்சுவாங்கி நின்றது.

ஒவ்வொரு முறையும்
அதே சற்று.

லைன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சுகிர்தன் கேட்டான்,
"அண்ணே, பூனைக்கு என்னாச்சு?"

மாதக் கடைசியில் ரேஷன் கடை இயந்திரம்
என் இடதுகை விரல்கள் நான்கையும் மறுத்தது.
"ஆள் பொருந்தலன்னு வருதே" என்றாள் கடைப் பெண்.
வலது கட்டைவிரலை வைத்து மறுபடி நானாகி
துவரம்பருப்பு வாங்கிவந்தேன்.

பகலில் நான் இலை நிறுப்பவன்.
கொட்டகை உத்தரத்தில் தொங்கும் வட்டத் தராசு.
கொக்கியில் சாக்கு ஏறியதும்
முள் துள்ளும், தாண்டும், திரும்பும், நடுங்கும்.
நடுங்கும்போதே படித்துவிடுவேன்:
"பதினேழு!"
பதினோரு வருடமாக இப்படித்தான்.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று எனக் கழித்து
பெள்ளிராஜ் எழுதுவார்.
அவர் கழிப்பது நோட்டில் இருக்கும்.

வியாழக்கிழமை
தவமலர் சாக்கைவிட்டு நகரவில்லை.
"முள்ளு நிக்கட்டும்ணே."
பின்னால் பதினைந்து பேர், தலையில் சாக்கோடு.
"நின்னுருச்சும்மா. பதினேழு."
"நிக்கல. பாருங்க."
பார்த்தேன்.
நடுக்கம் சிறுத்துச் சிறுத்து
பதினேழரையில் வந்து
உட்கார்ந்தது.

"பதினேழரை" என்றேன்.
பெள்ளிராஜ் பேனாவை நிறுத்தி
என்னைத்தான் பார்த்தார், தராசை அல்ல.

அன்றிரவு
இரண்டாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினேன்.
சேரவேண்டிய ஒலி அங்கேயும் இருக்கிறது.
இரண்டையும் ஒன்றாக மீட்டி
மூன்றாவதைத் தள்ளினேன்.
ஒன்றோடொன்று உரசி
நடுவில் ஒரு துடிப்பு,
வேகமாக,
தள்ளத் தள்ள மெதுவாக,
இன்னும் மெதுவாக.

வழக்கமாக நான் விட்டுவிடும் இடம் வந்தது.
அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.
அரைக் கிலோ இருக்கும்.

தள்ளினேன்.

துடிப்பு அடங்கியது.
இரண்டு கம்பி, ஒரே ஒலி.
ஆம்ப்பின் மேலிருந்த டம்ளர் மட்டும் கிணுகிணுத்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

நாளைக்கு எண்பது சாக்கு, சாக்குக்கு அரை,
பதினோரு வருடம் என்று
கணக்குப் போடத் தொடங்கினேன்.
முடிப்பதற்குள் அறுந்தது
மூன்றாவது கம்பி.

மாற்றுக் கம்பிக்குக் குன்னூர்தான் போக வேண்டும்.
ஞாயிறுவரை ஐந்துதான்.

விடிந்தது. வரிசை நிற்கிறது.
கொக்கியில் முதல் சாக்கு.
முள் துள்ளுகிறது.
பெள்ளிராஜ் செருமுகிறார்.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.