கந்தகம் தின்ற சீட்டு

தாழையூத்துக்கு மேற்கே கைவிட்ட குவாரி.
ஐப்பசி மழை விட்டு மூன்றாம் நாள் போனால்தான்
கழிவு மேட்டில் மண் கழன்று
கல் முகம் காட்டும்.
வெங்கச்சங்கல் எவனும் பொறுக்கலாம்.
ஆறு பட்டையும் உடையாமல் நுனி கூர்ந்தது
நூறில் ஒன்று.

நிமிளை வேறு சாதி.
சுண்ணாம்புப் பாறைக்குள்
யாரோ அரம் போட்டு ராவிய சதுரம்.
யாரும் ராவவில்லை.

"என்னவே, தங்கமா?"
காவலுக்கு நின்ற பொன்சிங்.
"இரும்பும் கந்தகமும், அண்ணாச்சி."
"அப்ப எதுக்குவே முட்டுப்போட்டுக் கும்பிடுதீரு?"

பஞ்சு, டப்பா, சீட்டு.
சீட்டில் இடம், தேதி.
சீட்டில்லாத கல் ஜல்லி என்பது என் கட்சி.

நாலு வருஷம் கழித்துத் திறந்தால்
உரசிய தீக்குச்சி வாடை.
ஒரு மூலை பொடிந்து, புளித்து,
சீட்டைத் தின்றிருந்தது.
இடம் இல்லை. தேதியில் ஒரு சுழி மிச்சம்.
பக்கத்து டப்பாவில் வெங்கச்சங்கல்
வேர்க்கக்கூட இல்லை.

பணகுடி கிரஷருக்கு மாறிப் போனவருக்குப்
போன் போட்டேன். பின்னால் இயந்திர இரைச்சல்.
"எந்தக் கல்லு? நீரு கும்பிட்டதா?
வடக்கு மூலைல, உடைமரத்துக்குக் கீழ,
தண்ணி நின்ன எடத்துக்கு ரெண்டு பாகம் மேல."
"தேதி?"
"அதெல்லாம் தெரியாதுவே.
எம்மவளுக்குக் காது குத்துன மறுநாளு."

புதுச் சீட்டு வெட்டி
அப்படியே எழுதினேன்.