இரண்டரை அடி

தேவகோட்டைக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிய
சாமியார் பங்களாவை இடிப்பதா வைப்பதா என்று பார்க்க
மறைமாவட்டம் என்னை டேப்போடு அனுப்பியது.

வெளியளவு நாற்பத்தெட்டு அடி.
உள்ளே அறை அறையாய்ப் பிடித்து
சுவர்க் கனமும் சேர்த்தால் நாற்பத்தைந்தரை.
மூன்று தடவை பிடித்தோம்.
"வீட்டுக்குத் தொப்பை போட்டிருச்சு மேடம்"
என்றான் டேப்பின் மறுமுனையில் ஞானதிரவியம்.

கட்டியவர் தெலாக்ரே சுவாமி.
பிறந்த ஊரின் பங்குவீட்டை
மனப்பாடமாய் வரைந்திருக்கிறார்:
பனி வழிந்து விழ அத்தனை செங்குத்தாய் ஓட்டுக்கூரை,
கூடத்தில் குளிர்காய அடுப்பு, அதற்குப் புகைபோக்கி.
அதில் எரிந்தது ஒரே ஒரு முறை,
நாற்பத்திரண்டில், போலீசுக்குப் பயந்து, ஒரு கட்டு நோட்டீஸ்
என்கிறார் கோயில்பிள்ளை மிக்கேலு.
மற்றபடி கோழி அடைகாக்கும்.

செம்புறாங்கல் சுவர்.
முட்டைவெள்ளைப் பூச்சு ஆபீஸ் அறைக்கு மட்டும்,
அதோடு காசு தீர்ந்திருக்கும்.
தூண் ஆறில் ஐந்து பனை.
ஆறாவது பர்மாத் தேக்கு,
அடியில் ரங்கூன் மரக்கிடங்கின் சுத்தியல் முத்திரை.
பெரி. சித. வீட்டார்
மேல்மாடியைப் பாதியில் நிறுத்திய வருஷம் கொடுத்தது,
சைகோன் கோர்ட்டுக்கு சுவாமி
பிரெஞ்சில் மனு எழுதியதற்குக் கூலியாக.

இரண்டரை அடி மட்டும் கிடைக்கவில்லை.

கணக்கு நோட்டில் கிடைத்தது.
1938. வேறு சாமியார், வேறு கையெழுத்து.
"புரட்டாசி 11. தெற்குச் சந்து இருமுனையும் அடைக்க
செங்கல் 640. கொத்தனார் கூலி மூணே கால் ரூபாய்.
இனி எல்லாருக்கும் முன்வாசல். செலவில்லை."

முந்தின ஞாயிறு உண்டியல் பதினேழு ரூபாய்.
அடுத்த ஞாயிறு பன்னிரண்டு அணா.
பதினாலு மாசம்
அணாக் கணக்கிலேயே போகிறது நோட்டு.

அடுப்படியில் பூச்சு உப்பிய இடத்தில்
ஒரு செங்கலை உருவி செல்போன் வெளிச்சம் விட்டோம்.
வௌவால் புழுக்கை. நேரான சந்து.
கோடியில் ஆபீஸ் அறைப் பக்கம்
கம்பி போட்ட ஒரு சாண் ஜன்னல்.
சுண்ணாம்புச் சுவரில் நெடுக
தோள் உயரத்துக்கு எண்ணெய்க் கறுப்பு,
அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில்
விட்டு விட்டு, இன்னொன்று.

மிக்கேலு வெகுநேரம் குனிந்திருந்தார்.
"எங்க தாத்தா கல்யாண ஓலைக்குப் பேர் குடுத்தது
இந்த ஜன்னல்லதான்.
வெள்ளைத் தாடி மட்டும் தெரியுமாம்."

வரைபடத்தில் எல்லா அறைக்கும் பெயர் வேண்டும்.
ஞானதிரவியம் பென்சிலோடு நின்றான்.
"வழின்னு போடு தம்பி" என்றார் மிக்கேலு.
செங்கலைத் திரும்பச் செருகப் பார்த்தார்.
நுழையவில்லை.
"வேண்டாம், சுவருன்னே இருக்கட்டும்."

நான் அளவை மட்டும் எழுதினேன்.
இப்போது கூட்டினால் நாற்பத்தெட்டு வருகிறது,
கால் அங்குலம் குறைய.
அது டேப்பின் தொய்வு.